விறகு பிளக்கும் இயந்திரத்துக்குள் இருநூறு ஆண்டுகள்

1814-ஆம் ஆண்டின் இறுதி. இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் வட்டாரத்தில் ஹோல்ட் காட்டில் பெருமரங்களை வேரோடு பிடுங்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. தண்ணீரின் அழுத்தத்தால் இயங்கும் ஓர் இயந்திரம், ஆட்கள் கூட்டமாகச் சேர்ந்தாலும் அசைக்க முடியாத அடிமரங்களை மண்ணிலிருந்து நெம்பி எடுத்தது. அதைக் கண்டுபிடித்த ஜோசப் பிரமாவே பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்த்தார். அப்போது அவருக்கு 66 வயது. அந்தக் குளிரில் பிடித்த சளி நுரையீரலுக்கு இறங்கியது. டிசம்பர் 9 அன்று அவர் இறந்துபோனார்.

மரத்தின் மீது ஹைட்ராலிக் விசை கைவைத்த தொடக்ககால வேலைகளில் அது ஒன்று. இன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் ஐரோப்பாவின் குளிர்நாடுகளிலும் விறகு எரித்துக் குளிர்காயும் வீடுகளின் கொல்லையில் அதே விசை சிறிய உருவத்தில் நிற்கிறது. ஓர் இரும்பு உத்திரம், அதன் முனையில் ஆப்பு, ஒரு சிலிண்டர், ஒரு பம்பு, அதைச் சுழற்றப் புல்வெட்டும் இயந்திரத்தில் இருப்பது போன்ற சிறு பெட்ரோல் எஞ்சின். கட்டையை உத்திரத்தில் கிடத்தி நெம்புகோலைத் தள்ளினால் ஓக் மரத்தின் முறுக்கிய கணுகூட வாய் பிளக்கும்.

சில நாட்களில் பிளக்காது. ஆப்பு பாதி வழியில் நிற்கும். எஞ்சின் உறுமும், சிலிண்டர் நகராது. அல்லது நகரும், ஆனால் ஒரு கட்டையைப் பிளக்கும் நேரத்தில் கோடரிக்காரர் மூன்றைப் பிளந்துவிடுவார். எண்ணெய் சொட்டும், நுரைக்கும், பம்பு கீச்சிடும். உரிமையாளர் கையேட்டைப் புரட்டுகிறார், எண்ணெய் மாற்றுகிறார், பம்பையே மாற்றிவிடலாமா என்று யோசிக்கிறார். அவர் எதிர்கொள்ளும் கோளாறுகளில் பெரும்பாலானவை பழையவை. அவற்றோடு மல்லுக்கட்டியவர்களின் வரலாறுதான் இந்த இயந்திரத்தின் ஒவ்வொரு பாகத்திலும் இருக்கிறது. இங்கே அலங்காரத்துக்கென்று ஒரு பாகமும் இல்லை. ஒவ்வொன்றும் எங்கோ ஏதோ ஒன்று ஒழுகியதாலோ உடைந்ததாலோ பிறந்தது.

விசைக்கான கணக்கு எளிது. பிரான்ஸ் நாட்டின் பிளேஸ் பாஸ்கல் அதை எழுதி வைத்திருந்தார். அவர் இறந்த மறு ஆண்டான 1663-இல் அந்நூல் அச்சேறியது. அடைபட்ட நீரின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். ஆகவே சிறிய பிஸ்டனை ஒருவர் அழுத்தினால், அதைவிட நூறு மடங்கு பரப்புள்ள பெரிய பிஸ்டனை நூறு பேரின் வலுவோடு உயர்த்தலாம். காகிதத்தில் இது முழுமையான கண்டுபிடிப்பு. ஆனாலும் அதைப் பயன்படுகிற இயந்திரமாக்க இன்னும் 130 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பெரிய பிஸ்டனுக்கும் உருளைச் சுவருக்கும் நடுவே உள்ள மெல்லிய இடைவெளிதான் தடை. அதில் நீர் பீறிட்டால் அழுத்தமே இல்லை.

பிரமா யார்க்‌ஷயரில் ஒரு விவசாயியின் மகன். கால் ஊனப்பட்டதால் ஏர் பிடிக்க முடியாமல் தச்சு கற்றவர். லண்டனுக்கு வந்து கழிப்பறைத் தொட்டிக்குக் காப்புரிமை பெற்றார், பூட்டு செய்தார். திறந்து காட்டுபவருக்கு 200 கினி பரிசு என்று எழுதிக் கடைச் சாளரத்தில் அவர் பெயரால் தொங்கிய பூட்டு, 1851-இல் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் பல நாள் போராடித் திறக்கும்வரை தோற்கவில்லை. அந்தப் பூட்டுகளின் நுணுக்கமான உறுப்புகளை ஒரே மாதிரி வார்த்துக் கடைவதற்கு இயந்திரங்கள் தேவைப்பட்டன. அதற்காக 1789-இல் உல்விச் ஆயுதச்சாலையிலிருந்து ஓர் இளைஞரை அழைத்து வந்தார் பிரமா. அந்த இளைஞர் ஹென்றி மாட்ஸ்லே. வயது 18.

1795-இல் ஹைட்ராலிக் அழுத்திக்குப் பிரமா காப்புரிமை பெற்றார். ஆனால் பட்டறையில் அது அடங்க மறுத்தது. பிஸ்டனைச் சுற்றிச் சணல் திணித்துப் பார்த்தார்கள். நீர் ஒழுகாத அளவுக்கு இறுக்கினால் பிஸ்டன் சணலின் பிடியில் மாட்டிக்கொண்டு, அழுத்தம் விட்ட பிறகும் கீழே இறங்கவில்லை. இறங்கும் அளவுக்குத் தளர்த்தினால் நீர் பீச்சியது. நடுவில் ஒரு நிலை இருக்கும் என்று தேடுவது வீண். அப்படி ஒன்று இல்லை.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் மாட்ஸ்லே என்று அவரிடம் பின்னாளில் உதவியாளராக இருந்த ஜேம்ஸ் நாஸ்மித் பதிவு செய்திருக்கிறார். தீர்வு ஒரு தோல் வளையம். அதைக் கவிழ்த்த கிண்ணத்தின் விளிம்பைப் போல மடித்து, உருளையின் கழுத்தில் வெட்டிய பள்ளத்தில் பொருத்தினார். மடிப்பின் வாய் அழுத்தம் வரும் திசையை நோக்கி இருக்கும். நீர் மடிப்புக்குள் புகுந்ததும் ஓர் உதட்டைப் பிஸ்டன் மீதும் மற்றதைச் சுவர் மீதும் தள்ளுகிறது. அழுத்தம் கூடக் கூடப் பிடி இறுகுகிறது. அழுத்தம் போனதும் தோல் தானே தளர்ந்து பிஸ்டனை விட்டுவிடுகிறது. ஒழுகப் பார்க்கும் நீரையே காவலுக்கு வைத்த இந்த யோசனைக்கு இணையாக இயந்திரவியலில் வேறொன்றைச் சொல்வது கடினம். தோல் போய் ரப்பர் வந்தது, பிறகு பாலியூரித்தேன் வந்தது. இன்றைய விறகு இயந்திரத்தின் தண்டுச் சீல்களிலும் அதே மடிப்பு, அதே உதடு. அந்த உதட்டில் ஒரு கீறல் விழுந்தால் தண்டின் மேல் எண்ணெய்ப் படலம் தெரியும், பிறகு சொட்டும். சீலைத் தலைகீழாகப் பொருத்தினாலும் அதே கதிதான். வாய் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதை இன்றும் முதன்முறை கழற்றுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

சில ஆண்டுகள் கழித்து மாட்ஸ்லே சம்பள உயர்வு கேட்டார். வாரம் 30 ஷில்லிங் அவருக்குப் போதவில்லை. பிரமா மறுத்தார். 1797-இல் மாட்ஸ்லே வெளியேறித் தனிப் பட்டறை வைத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தலைசிறந்த இயந்திரக் கலைஞர்கள் பலர் அங்கே உருவானார்கள்.

ஒழுக்கு அடங்கியதும் அடுத்த சிக்கல் தலைகாட்டியது. அழுத்தம் இப்போது உருளைக்குள்ளேயே நிற்கிறது, உருளை தாங்குமா?

வேல்ஸ் நாட்டின் மெனாய் நீரிணைமேல் ராபர்ட் ஸ்டீவன்சன் கட்டிய பிரிட்டானியா பாலம் இந்தக் கேள்வியை அச்சத்தோடு எழுப்பியது. ரயில் உள்ளே ஓடும்படி செய்த இரும்புக் குழாய்கள்தான் பாலம். பெரிய குழாய் ஒவ்வொன்றும் 1,500 டன்னுக்கு மேல் எடை. 1849 ஜூனில் முதல் குழாயை மிதக்கவிட்டுத் தூண்களின் அடிக்குக் கொண்டுவந்தார்கள். தூண்களின் உச்சியில் இருந்த ஹைட்ராலிக் அழுத்திகள் அதைச் சங்கிலிகளால் மேலே இழுக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஆறடி. ஸ்டீவன்சன் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: குழாய் உயர உயர, அதன் அடியில் உடனுக்குடன் அடைகல்லும் மரமும் வைத்து முட்டுக்கொடுத்துக்கொண்டே வர வேண்டும். அழுத்தி நம்பகமானது, இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று அவசரக்காரர்களுக்குத் தோன்றக்கூடிய வேலை அது. ஆகஸ்ட் மாதம் அழுத்தி உருளையின் அடிப்பகுதி அப்படியே பிய்ந்து கீழே விழுந்தது. குழாய் சில அங்குலம் சரிந்து முட்டின் மேல் உட்கார்ந்தது. அந்தச் சில அங்குல வீழ்ச்சியே அங்கிருந்த கனத்த இரும்பு உத்திரங்களை நொறுக்கியது. முட்டு இல்லாதிருந்தால் குழாய் நீரிணைக்குள் போயிருக்கும்.

சில ஆண்டுகள் கழித்து இசம்பார்ட் புருனெல்லும் இதே பாடத்தைப் படித்தார். தேம்ஸ் கரையில் மில்வால் என்ற இடத்தில் அவர் கட்டிய 'கிரேட் ஈஸ்டர்ன்' கப்பல் அதுவரை உலகம் கண்டதில் மிகப் பெரியது. பக்கவாட்டில் சறுக்கி நீரில் இறக்கும் திட்டம் 1857 நவம்பர் 3-ஆம் தேதி படுதோல்வி அடைந்தது. கட்டுமீறிச் சுழன்ற விஞ்சு அடித்து ஒரு தொழிலாளி உயிரிழந்தார். பிறகு கப்பலை ஹைட்ராலிக் அழுத்திகளால் தள்ளத் தொடங்கினார்கள். உருளைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. மேலும் மேலும் அழுத்திகளைச் சேர்த்தார்கள். பர்மிங்காமில் சிறு பட்டறை வைத்திருந்த டாங்கி சகோதரர்களின் ஜாக்கிகளும் அந்தக் கரைக்கு வந்தன. அவர்களுக்குப் பின்னாளில் கிடைத்த பெயருக்கு அந்தக் கப்பலே அடித்தளம். 1858 ஜனவரி 31-இல்தான் கப்பல் மிதந்தது.

வார்ப்பிரும்பு இழுவிசைக்கு நொறுங்கும். சுவரைத் தடிமனாக்கினால் போதும் என்றிருந்த நம்பிக்கையும் சரிவரவில்லை. தடித்த வார்ப்பு சீராகக் குளிராமல் உள்ளுக்குள்ளேயே விரிசலுக்கு வழிவைக்கும். எனவே உருளைக்குள் எவ்வளவு அழுத்தத்தை அனுமதிப்பது என்பதற்கு ஒரு காவலாள் தேவைப்பட்டது. குறிப்பிட்ட அழுத்தத்தைத் தாண்டினால் தானே திறந்து வழிவிடும் நிவாரண வால்வு அந்தக் காவலாள். டெனி பாப்பின் பதினேழாம் நூற்றாண்டில் தம் நீராவிச் சமையற்கலத்துக்குச் செய்த பாதுகாப்பு வால்வின் வழித்தோன்றல் அது. விறகு இயந்திரத்தில் நெம்புகோல் இருக்கும் வால்வுப் பெட்டிக்குள் ஒரு ஸ்பிரிங்கும் ஒரு சிறு குண்டுமாக அது ஒளிந்திருக்கிறது. கட்டை பிளக்கவில்லை என்றதும் அதன் திருகை இறுக்கத் தோன்றும். அழுத்தமானியைப் பொருத்தாமல் அந்தத் திருகைத் தொடுவது, மெனாய் உருளைக்கு நேர்ந்ததை வீட்டுக் கொல்லைக்கு அழைப்பதாகும்.

இதற்கிடையே நியூகாசில் நகரத்தில் வில்லியம் ஆம்ஸ்ட்ராங் என்ற வழக்கறிஞர் தொழிலை விட்டுவிட்டு நீரின் பின்னால் போனார். 1846-இல் நகர்க் குடிநீர்க் குழாயின் அழுத்தத்தால் துறைமுகத்தில் ஒரு பளுதூக்கியை இயக்கிக் காட்டினார். அழுத்தம் நிலையாக இருக்க உயரமான தொட்டி வேண்டும். கிரிம்ஸ்பி துறைமுகத்தில் 1852-இல் எழுந்த 300 அடிக் கோபுரம் அந்தத் தேவைக்காகக் கட்டப்பட்டது. மண் கோபுரம் தாங்காத இடங்களில் வேறு வழி கண்டார். செங்குத்தான உருளைக்குள் ஒரு பிஸ்டன். அதன் தலையில் சரளையும் இரும்பும் நிரப்பிய மாபெரும் பளு. பம்பு நீரை உள்ளே தள்ளப் பளு மேலே ஏறும்; வேலை வரும்போது இறங்கி அழுத்தம் கொடுக்கும். இந்தச் சேமக்கலனால் ஹைட்ராலிக் விசை ஊர்ப்பொதுச் சரக்காயிற்று. லண்டனில் 1880-களில் தொடங்கிய நிறுவனம் ஒன்று தெருக்களுக்கு அடியில் 180 மைல் அளவுக்குக் குழாய் போட்டு, சதுர அங்குலத்துக்கு 700 பவுண்டுக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் நீரை விற்றது. மின்தூக்கி பரவாத காலத்து லிஃப்டுகளும் துறைமுகப் பளுதூக்கிகளும் நாடக அரங்கத் திரைகளும் அதில் இயங்கின. 1977 வரை அந்த நீர் ஓடியது. பிறகு வெற்றுக் குழாய்களைத் தொலைத்தொடர்பு நிறுவனம் ஒன்று கம்பிவடம் போட வாங்கிக்கொண்டது.

நீருக்கு மூன்று குறைகள். குளிரில் உறையும்; இரும்பைத் துருவாக்கும். உராய்வைக் குறைக்கவும் அதற்குத் தெரியாது. 1906-இல் அமெரிக்கப் போர்க்கப்பல் 'வர்ஜீனியா'வின் பீரங்கிகளைத் திருப்ப நீருக்குப் பதில் எண்ணெயைப் பயன்படுத்தினார்கள். எண்ணெய் விசையையும் கடத்தியது, பம்பின் உறுப்புகளுக்கு வழவழப்பையும் தந்தது. துல்லியமாகக் கடைந்த, வேகமாகச் சுழலும் சிறு பம்புகள் அதன் பிறகே சாத்தியமாயின. ஆனால் எண்ணெய்க்கும் தனக்கென்று நோய்கள் உண்டு. கடுங்குளிரில் கெட்டியாகி உறிஞ்சு குழாயில் மெதுவாக வரும். நீர் கலந்தால் பால்நிறம் கொள்ளும். ஈரமான கொட்டகையில் ஆண்டு முழுக்க நிற்கும் இயந்திரத்தின் தொட்டிச் சுவரில் வியர்க்கும் நீரே அதற்குப் போதும். காற்று கலந்தால் நுரைக்கும். காற்று கலக்க உறிஞ்சு குழாயின் கவ்வி சற்றுத் தளர்ந்தால் போதும். அங்கே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு என்பதால் எண்ணெய் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். ஆகவே கண்ணுக்கு ஒழுக்கே தெரியாத இடத்தில் ஒழுக்கு இருக்கும்.

நுரையே இல்லாமல் பம்பு மட்டும் கரகரத்தால் காரணம் வேறு. வடிகட்டி அடைத்தோ எண்ணெய் கெட்டிப்பட்டோ பம்புக்குப் போதிய எண்ணெய் வராதபோது, உறிஞ்சும் பக்கத்தில் எண்ணெயே ஆவிக்குமிழாகி, அழுத்தப் பக்கம் போய்ச் சடுதியில் நசுங்குகிறது. இதே குமிழ்களோடு 1890-களில் மோதியவர் சார்லஸ் பார்சன்ஸ். நீராவிச் சுழலியால் ஓடிய அவருடைய 'டர்பினியா' கப்பல் முதலில் எதிர்பார்த்த வேகத்தை எட்டவில்லை. சிறு கண்ணாடித் தொட்டியில் உந்துசுற்றியைச் சுழற்றி, குமிழ்கள் அதன் பிடியைக் கெடுப்பதைக் கண்ணால் பார்த்து, அமைப்பை மாற்றினார். 1897-இல் ஸ்பிட்ஹெட் கடற்படை அணிவகுப்பில் அந்தக் கப்பல் 34 நாட் வேகத்தில் பாய்ந்தது. நசுங்கும் குமிழ் உலோகத்தையே அரிக்கும். அது எவ்வளவு அழுத்தத்தை உண்டாக்கும் என்பதை 1917-இல் ராலே பிரபு கணக்கிட்டுக் காட்டினார். அரிக்கப்பட்ட பம்பைப் பிரித்தால் பல்சக்கரத்தைச் சுற்றிய சுவரில் அம்மைத் தழும்பு போன்ற குழிகள் தெரியும்.

தோல் வளையத்துக்கு அடுத்த பெருமாற்றம் ஒரு முதியவரிடமிருந்து வந்தது. டென்மார்க்கில் 1865-இல் பிறந்து 1891-இல் அமெரிக்காவுக்குக் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்டென்சன், தம் எழுபதை ஒட்டிய வயதில் வட்டக் குறுக்குவெட்டுள்ள ரப்பர் வளையங்களைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். வளையத்தின் தடிமனைவிடச் சற்று அகலமான பள்ளத்தில் அதை வைத்தால், அழுத்தம் அதை ஒரு பக்கச் சுவரோடு நெரித்து இடைவெளியை அடைக்கிறது என்று கண்டார். 1937-இல் விண்ணப்பித்த காப்புரிமை 1939-இல் கிடைத்தது. எந்த லாரிப் பட்டறையிலும் சரம்சரமாகத் தொங்கும் ஓ-ரிங் இதுதான். உலகப்போர் மூண்டதும் அமெரிக்க அரசு அந்தக் காப்புரிமையைப் போர்த்தேவை என்று எடுத்துக்கொண்டு பிற நிறுவனங்களுக்கு உற்பத்தி உரிமையைக் கொடுத்தது. அவருக்கு ஒட்டுமொத்தமாகக் கிடைத்தது 75,000 டாலர். வழக்கு நீண்டு, அவர் இறந்து 19 ஆண்டுகள் கழித்து, 1971-இல் வாரிசுகளுக்கு மேலும் 1,00,000 டாலர் வந்தது. விமானச் சக்கரத்திலிருந்து டிராக்டர் வரை தாங்கி நிற்கும் ஒரு பொருளுக்கு இந்தத் தொகை மிகக் குறைவு.

1973-இல் எண்ணெய் விலை ஏறியபோது அமெரிக்கக் குடும்பங்கள் பலவும் விறகடுப்புக்குத் திரும்பின. விறகு பிளக்கும் இயந்திரத்துக்கு நல்ல காலம் பிறந்தது. இதற்குள் பட்டியலிட்ட எல்லாமே அதில் கூடிவிட்டன. நான்கு அங்குல உள்விட்டமுள்ள சிலிண்டரின் பரப்பு சுமார் 12.5 சதுர அங்குலம். சதுர அங்குலத்துக்கு 3,000 பவுண்டு அழுத்தத்தில் அது ஏறக்குறைய 17 டன் விசை தருகிறது. சிறிய எஞ்சினால் இவ்வளவு விசையையும் வேகத்தையும் ஒருசேரத் தர முடியாது. அதனால் பம்புக்குள் இரண்டு ஜோடிப் பல்சக்கரங்கள் வைத்தார்கள். ஆப்பு கட்டையைத் தொடும்வரை இரண்டும் எண்ணெய் தள்ளும், வேகம் கிடைக்கும். கணு தடுத்து அழுத்தம் ஏறியதும் ஒரு வால்வு திறந்து பெரிய ஜோடியின் எண்ணெயைத் தொட்டிக்கே திருப்பி விடும். சிறிய ஜோடி மட்டும் மெதுவாக, முழு அழுத்தத்தோடு தள்ளும்.

இது புரிந்தவருக்குக் கோளாறு பாதி பிடிபட்டுவிடும். வெறுமனே நகரும்போது வேகம் சரியாக இருந்து, கட்டையைத் தொட்டதும் விசை இல்லையென்றால் சிறிய ஜோடி தேய்ந்திருக்கலாம், நிவாரண வால்வு குப்பை சிக்கித் திறந்தே இருக்கலாம், பிஸ்டன் சீல் போயிருக்கலாம். கணுவில் மோதியதும் எஞ்சின் திணறி அணைந்தால், திருப்பிவிடும் வால்வு திறக்காமல் சிக்கியிருக்கிறது. சும்மா நகரும்போதே மந்தம் என்றால் தொட்டியில் எண்ணெய் மட்டத்தையும் வடிகட்டியையும் முதலில் பார்க்க வேண்டும். எதுவுமே நகரவில்லை என்றால் எஞ்சினையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங். அதன் சாவி உடைந்து எஞ்சின் மட்டும் தனியாகச் சுழன்றுகொண்டிருக்கும். இந்த வரிசையைப் பின்பற்றாமல், ஏதோ ஒன்று மந்தம் என்றதும் பம்பை வாங்கி மாட்டுவதுதான் இந்தத் தொழிலில் அதிகம் வீணாகும் பணம்.

பிஸ்டன் சீல் கசிவது வெளியே தெரியாது. எண்ணெய் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு உள்ளுக்குள்ளேயே தாண்டுகிறது. அதைக் கண்டுபிடிக்கத் தண்டை முழுவதும் வெளியே நீட்டி, எஞ்சினை நிறுத்தி, தண்டுப் பக்கக் குழாயைக் கழற்றி, குழாய் முனையையும் திறந்த துளையையும் வாளியில் விட வேண்டும். பிறகு எஞ்சினை ஓட்டி, நெம்புகோலை நீட்டும் திசையில் மட்டும் பிடிக்க வேண்டும். சிலிண்டரின் திறந்த துளையிலிருந்து எண்ணெய் தொடர்ந்து வந்தால் சீல் போய்விட்டது. வராவிட்டால் சிலிண்டர் குற்றமற்றது. அந்த நிலையில் தப்பித்தவறியும் நெம்புகோலை எதிர்த்திசையில் தள்ளக்கூடாது. கழற்றிய குழாயிலிருந்து எண்ணெய் பீறிடும்.

ஹோஸில் விழும் ஊசித்துளை எல்லாவற்றிலும் மோசமானது. 3,000 பவுண்டு அழுத்தத்தில் அதிலிருந்து வரும் எண்ணெய்க் கீற்று கண்ணுக்கே தெரியாது. ஆனால் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். மேலே ஒரு சிறு புள்ளி மட்டும் இருக்கும், முதலில் வலி கூடப் பெரிதாக இராது. உள்ளே திசு அழுகத் தொடங்கும். சில மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடும். சாதாரணக் கையுறை அதைத் தடுக்காது. ஒழுக்கைத் தேட ஓர் அட்டைத் துண்டைக் குழாயின் நீளத்துக்குத் தள்ளி நகர்த்திப் பார்க்க வேண்டும். அட்டை நனையும் இடத்தில் துளை இருக்கிறது. எஞ்சினை அணைத்து, நெம்புகோலை இரண்டு பக்கமும் அசைத்துத் தேங்கிய அழுத்தத்தை வெளியேற்றிய பிறகே அந்த ஹோஸைக் கழற்ற வேண்டும். அதை ஒட்டுப்போட்டுப் பயன்படுத்தக் கூடாது. புது ஹோஸ்தான் மாட்ட வேண்டும்.